எந்த ஹென்றி, எந்த சார்லஸ்? ஒரே பெயர் கொண்ட ஐரோப்பிய மன்னர்களைக் குழப்பாமல் படிக்க ஒரு வழிகாட்டி

நான்காம் ஹென்றி என்று ஒரு புத்தகத்தில் பார்த்தால் அது நான்கு பேரில் யாராகவும் இருக்கலாம். 1077 ஜனவரியில் இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் பனியில் நின்று போப்பிடம் மன்னிப்பு வேண்டிய ஜெர்மன் மன்னர் ஒருவர். 1399இல் இரண்டாம் ரிச்சர்டை இறக்கிவிட்டு இங்கிலாந்தின் அரியணையில் ஏறியவர் இன்னொருவர். 1454 முதல் 1474 வரை இன்றைய ஸ்பெயினின் பகுதியான காஸ்டிலை ஆண்டவர் மூன்றாமவர், புகழ்பெற்ற இசபெல்லா அரசிக்கு அண்ணன், தாய் மட்டும் வேறு. 1598இல் நான்ட் அரசாணையைப் பிறப்பித்து பிரான்சின் புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்து, 1610இல் பாரிஸ் தெருவில் கத்திக்குத்துப்பட்டு இறந்தவர் நான்காமவர்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்து போகிறார்கள். தங்களுக்கு ஞாபகசக்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மன்னர் பட்டியல்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள், கொஞ்ச நாளில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். மனப்பாடம் தேவையே இல்லை. ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: பெயரோடு வரும் எண் அந்த ஆளுக்குச் சொந்தமானதல்ல, அவர் உட்கார்ந்த அரியணைக்குச் சொந்தமானது. கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

படி 1: எண்ணை விடுங்கள், அரியணையையும் ஆண்டையும் எழுதுங்கள்

ஒரு பெயர் வந்ததும் குறிப்பேட்டில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நாட்டு அரியணை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, அப்பா யார். எண்ணைக் கடைசியில் எழுதினால் போதும். "ஆறாம் சார்லஸ்" என்று எழுதி வைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது. "பிரான்ஸ், 1380–1422, ஐந்தாம் சார்லஸின் மகன், மனநோயால் அவதிப்பட்டவர்" என்று எழுதினால், 1711 முதல் 1740 வரை புனித ரோமப் பேரரசராக (ஜெர்மன் நாடுகளை மையமாகக் கொண்ட பேரரசு) இருந்த, ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் அப்பாவான இன்னொரு ஆறாம் சார்லஸோடு இவர் ஒருநாளும் கலக்கமாட்டார்.

படிக்கிற பத்தியில் ஆண்டு கொடுக்கப்படவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். போப் பெயரோ, ஒரு போரின் பெயரோ, ஒரு ஊரின் பெயரோ கட்டாயம் இருக்கும். ஏழாம் சார்லஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் இருந்தால் அது 1429இல் ரைம்ஸ் நகரில் முடிசூடிய பிரெஞ்சு மன்னர். மரியா தெரேசாவின் வாரிசுரிமையை எதிர்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது பவேரியாக்காரர், 1742 முதல் 1745 வரை மட்டும் பேரரசர்.

படி 2: ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கலாம்

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. 1500இல் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்த சார்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1516இல் தாய்வழித் தாத்தா ஃபெர்டினாண்ட் இறந்ததும் ஸ்பெயினின் மன்னரானார், அங்கே அந்தப் பெயரில் முதல் மன்னர் என்பதால் முதலாம் கார்லோஸ். 1519இல் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அந்த வரிசையின் முதல் சார்லஸான சார்லமேனிலிருந்து எண்ணி வந்தால் ஐந்தாம் சார்லஸ். ஆக ஸ்பானிஷ் வரலாற்றில் முதலாம் கார்லோஸும் ஜெர்மன் வரலாற்றில் ஐந்தாம் கார்லும் ஒரே மனிதர், ஒரே தாடை, ஒரே கையெழுத்து. இவருக்கும் 1364 முதல் 1380 வரை பிரான்சை ஆண்ட ஐந்தாம் சார்லஸுக்கும் எண்ணைத் தவிரப் பொதுவானது மிகக் குறைவு.

இவருடைய மகன் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப், 1580இல் போர்ச்சுகலையும் பிடித்த பிறகு அங்கே முதலாம் பிலிப் ஆனார். இங்கிலாந்தின் மேரியை 1554இல் மணந்ததால் சில ஆண்டுகள் அங்கேயும் மன்னர் பட்டம் இருந்தது.

ஸ்காட்லாந்து – இங்கிலாந்து ஜோடி இதற்கு நல்ல பயிற்சி. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் மன்னராகி முதலாம் ஜேம்ஸ் ஆனார். அவருடைய பேரன் இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்தில் ஏழாம் ஜேம்ஸ். அவரை 1688இல் விரட்டிவிட்டு வந்த வில்லியம் இங்கிலாந்தில் மூன்றாமவர், ஸ்காட்லாந்தில் இரண்டாமவர், நெதர்லாந்தில் மன்னரே இல்லை, ஆனால் ஆட்சித் தலைவராக அங்கேயும் மூன்றாம் வில்லெம். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது, ஸ்காட்லாந்துக்கு முதலாம் எலிசபெத் என்று ஒருவர் இருந்ததே கிடையாதே, பிறகு எப்படி இரண்டாம் என்று அங்கே பலர் கொதித்தார்கள். 1953இல் எடின்பரோவில் அந்த எண் பொறித்த தபால்பெட்டி ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு ஸ்காட்லாந்தின் புதிய தபால்பெட்டிகளில் எண்ணுக்குப் பதிலாக ஸ்காட்லாந்து மகுடத்தின் படம் வந்தது. எண் என்பது எவ்வளவு பெரிய அரசியல் உரிமைக்கோரல் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இடைக்காலப் பிரபுக்களிடம் இது இன்னும் அதிகம். 1204இல் நான்காம் சிலுவைப் போர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த பிறகு அங்கே பேரரசராக உட்காரவைக்கப்பட்ட முதலாம் பால்ட்வின்தான் ஃபிளாண்டர்சின் ஒன்பதாம் பால்ட்வின், அவரேதான் ஹைனோவின் ஆறாம் பால்ட்வின். மூன்று புத்தகங்களில் மூன்று எண்களோடு வருவார். அதனால் உங்கள் குறிப்பில் ஆளுக்கு ஒரு வரி போட்டு, அதற்குள் அவர் வகித்த அரியணைகளையும் எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள்.

படி 3: பெயரின் வேற்றுமொழி வடிவங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

இது சின்ன வேலை, ஒரு மாலைப்பொழுது போதும், பலனோ வாழ்நாளுக்கும். சார்லஸ், கார்ல், கார்லோஸ், கார்லோ எல்லாம் ஒன்று. ஹென்றி, ஆன்றி, ஹைன்ரிஷ், என்ரிக்கே ஒன்று. வில்லியம், வில்ஹெல்ம், வில்லெம், கியோம் ஒன்று. ஜான், ஷான், யுவான், யோஹான் ஒன்று. லூயி என்பது ஜெர்மனியில் லுட்விக், ஹங்கேரியில் லாயோஷ். இசபெல்லும் எலிசபெத்தும் ஒன்றாக இருப்பதுதான் அதிகம் பேரைத் தடுக்கி விழவைக்கிறது. ஸ்பானிஷ் செய்தித்தாள்கள் பிரிட்டனின் எலிசபெத் அரசியை "இரண்டாம் இசபெல்" என்றே எழுதிவந்தன, ஆனால் ஸ்பெயினுக்கே 1833 முதல் 1868 வரை சொந்தமாக ஓர் இரண்டாம் இசபெல் இருந்தார்.

தமிழில் படிக்கும்போது இன்னொரு சிக்கல், ஒரே கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தியில் சார்லஸ் என்றும் அடுத்த பத்தியில் கார்ல் என்றும் எழுதிவிடுவார்கள், வேறு ஆள் என்று நினைத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் ஆண்டைப் பாருங்கள், ஆண்டு ஒத்துப்போனால் ஆளும் ஒருவர்தானா என்று அப்புறம் தேடலாம். நீங்கள் எழுதும்போது ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிரிட்டனுக்கு ஹென்றி, பிரான்சுக்கு ஆன்றி, ஜெர்மனிக்கு ஹைன்ரிஷ் என்று அந்தந்த நாட்டு ஒலியிலேயே எழுதச் சொல்வேன், பெயரைப் பார்த்ததும் நாடும் தெரிந்துவிடும்.

படி 4: எண்ணை யார், எங்கிருந்து எண்ணினார்கள் என்று பாருங்கள்

இடைக்கால மன்னர்களில் பலர் தங்களை எண் போட்டு அழைத்துக்கொள்ளவே இல்லை. பின்னால் வந்த எழுத்தர்களும் வரலாற்றாசிரியர்களும் வசதிக்காகப் போட்டவைதான் பல எண்கள், அதனால் ஒழுங்கான வரிசையை எதிர்பார்க்கக் கூடாது.

இங்கிலாந்தில் 1272இல் பட்டத்துக்கு வந்த எட்வர்டை முதலாம் எட்வர்ட் என்கிறோம். ஆனால் அவருக்கு முன்னே ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் எட்வர்ட் என்று மூன்று மன்னர்கள் ஆண்டிருக்கிறார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றதற்குப் பிறகிருந்து எண்ணுவது என்று வழக்கமாகிவிட்டதால் அவர்கள் கணக்கில் வரவில்லை. மூன்றாம் எட்வர்டின் ஆவணங்களிலேயே "வெற்றிக்குப் பிறகு மூன்றாமவர்" என்ற தொடர் வரும். தாத்தா, அப்பா, மகன் மூவரும் தொடர்ச்சியாக எட்வர்ட் ஆனபோது எழுத்தர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிருக்கும்.

ஸ்வீடன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1604இல் மன்னரான கார்ல் தன்னை ஒன்பதாம் கார்ல் என்று அழைத்துக்கொண்டார். உண்மையில் அவருக்கு முன் அந்தப் பெயரில் இருவர்தான் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் யோகான்னஸ் மாக்னுஸ் என்ற பேராயர் எழுதிய ஸ்வீடன் வரலாற்றில் கற்பனையான ஆறு கார்ல்கள் இருந்தார்கள், அவர்களையும் சேர்த்து எண்ணியதன் விளைவு இது. அந்த எண் இன்றுவரை தொடர்கிறது, இப்போதைய மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்டாஃப். ஆகவே "ஸ்வீடனின் மூன்றாம் கார்ல் யார்" என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அப்படி ஒருவர் வாழவே இல்லை.

பிரான்சில் பதினாறாம் லூயிக்குப் பிறகு பதினெட்டாம் லூயி வருகிறாரே என்று எல்லோரும் கேட்பார்கள். நடுவில் உள்ளவர் பதினாறாம் லூயியின் மகன், 1795இல் பாரிசில் சிறையில் பத்து வயதில் இறந்த சிறுவன். ஒரு நாள்கூட ஆளவில்லை, ஆனாலும் முடியாட்சி ஆதரவாளர்கள் அவனை மன்னனாகவே கருதியதால் அவனுக்கு ஓர் எண் கிடைத்தது. 1316இல் பிறந்து ஐந்தே நாள் வாழ்ந்த முதலாம் ஷானுக்கும் எண் உண்டு. மறுபக்கம், இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றியின் மகன் ஹென்றிக்கு 1170இல் தந்தை இருக்கும்போதே முறைப்படி முடிசூட்டினார்கள், ஆனால் 1183இல் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டதால் அவருக்கு எண் இல்லை, "இளைய மன்னர் ஹென்றி" என்று மட்டும் சொல்கிறோம். ஜெர்மனியில் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் மகன் ஹைன்ரிஷ் இதேபோல் துணைமன்னராக இருந்தவர், அவருடைய எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டு ஹைன்ரிஷ் (7) என்று எழுதுவார்கள். 1312இல் பேரரசரான உண்மையான ஏழாம் ஹைன்ரிஷ் வேறு. புத்தகத்தில் எண்ணைச் சுற்றி அடைப்புக்குறியைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று கடந்துவிடாதீர்கள்.

காஸ்டில், லியோன் இரண்டுக்கும் அல்ஃபோன்சோக்களின் எண் பொதுவாக ஓடுகிறது. 1157இல் ஏழாம் அல்ஃபோன்சோ இறந்ததும் நாடு இரு மகன்களுக்குப் பிரிந்தது. காஸ்டில் பக்கத்துப் பேரன் எட்டாம் அல்ஃபோன்சோ, லியோன் பக்கத்துப் பேரன் ஒன்பதாம் அல்ஃபோன்சோ. ஆக எட்டும் ஒன்பதும் அண்ணன் தம்பி பிள்ளைகள், ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகளை ஆண்டவர்கள், ஒருவருக்குப் பின் ஒருவர் வந்தவர்கள் அல்ல.

படி 5: பட்டப்பெயர் உதவும், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்

எண் இல்லாத காலத்து மன்னர்களுக்குப் பட்டப்பெயர்தான் கைப்பிடி. சார்லமேன் வம்சத்தில் வழுக்கைத்தலை சார்லஸ், பருத்த சார்லஸ், எளிய சார்லஸ் என்று மூவர் வருவார்கள். இவர்களில் பருத்தவர் பேரரசர் வரிசையில் மூன்றாம் சார்லஸ், எளியவர் பிரெஞ்சு மன்னர் வரிசையில் மூன்றாம் சார்லஸ், அதனால் இங்கே எண்ணைவிடப் பட்டப்பெயரே தெளிவு.

ஆனால் பட்டப்பெயர்களும் மோதும். பிரான்சின் மூன்றாம் பிலிப் "துணிச்சல்காரர்". 1356இல் புவாத்தியே போரில் 14 வயதில் தந்தையோடு சேர்ந்து சிறைப்பட்டு, பிற்காலத்தில் பர்கண்டியின் கோமகனான பிலிப்பும் "துணிச்சல்காரர்". பிரான்சின் நான்காம் பிலிப் "அழகர்", பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அப்பாவான, 1506இல் இறந்த பிலிப்பும் "அழகர்". பட்டப்பெயரோடு நாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 6: ஒரே பெயருள்ளவர்கள் ஒரே அறையில் இருந்தால்

இதுவரை சொன்னது வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு காலத்து ஆட்களைப் பிரிக்க. ஒரே பெயர்க்காரர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடும்போது எண் அநேகமாக உதவாது, அப்போது உறவு முறையையும் எந்தக் கட்சி என்பதையும் வரைந்துகொள்ள வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்குப் பழக்கமானதுதான், அங்கேயும் அதே வழக்கம், அதனால் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பெயர் வந்துவிடும்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள ஐபீரியத் தீபகற்பத்தில் 1357 முதல் 1367 வரை மூன்று பெட்ரோக்கள் ஒரே நேரத்தில் ஆண்டார்கள். காஸ்டிலின் பெட்ரோ (1350–1369), அரகோனின் நான்காம் பெட்ரோ (1336–1387), போர்ச்சுகலின் முதலாம் பெட்ரோ (1357–1367). காஸ்டில்காரரும் அரகோன்காரரும் 1356இல் தொடங்கி நீண்ட காலம் போரிட்டார்கள், அதற்குப் பெயரே "இரண்டு பெட்ரோக்களின் போர்". போர்ச்சுகல்காரர் காஸ்டில்காரருக்குத் தாய்மாமன். மாமனின் காதலி இனெஸ் டி காஸ்ட்ரோ 1355இல் கொல்லப்பட்டார், கொலையாளிகளில் இருவர் காஸ்டிலுக்குத் தப்பி ஓடியபோது மருமகன் பெட்ரோ அவர்களைப் பிடித்து மாமன் பெட்ரோவிடம் ஒப்படைத்தார். இதை "பெட்ரோ பெட்ரோவிடம் ஒப்படைத்தார்" என்று படித்தால் தலை சுற்றும், "மருமகன் மாமனிடம்" என்று எழுதிக்கொண்டால் சுற்றாது. அரகோனின் நான்காம் பெட்ரோவைக் கத்தலான் நூல்கள் மூன்றாம் பெரே என்று சொல்லும், ஏனென்றால் அரகோனின் முதல் பெட்ரோ கத்தலோனியா இணைவதற்கு முன்பே ஆண்டவர்.

பிரான்சில் 1587 முதல் 1589 வரை நடந்தது மூன்று ஆன்றிகளின் போர். மன்னர் மூன்றாம் ஆன்றி, கத்தோலிக்கக் கூட்டணியின் தலைவர் கீஸ் கோமகன் ஆன்றி, புராட்டஸ்டன்ட் தலைவரும் நவார் என்ற சிறு நாட்டின் மன்னருமான ஆன்றி. இதற்கு மூன்று வரி போதும்: மன்னர், கீஸ், நவார். 1588 டிசம்பரில் மன்னர் கீஸைப் புளுவா அரண்மனையில் கொல்லச் செய்தார், 1589 ஆகஸ்டில் மன்னரும் கொல்லப்பட்டார், மிஞ்சிய நவார்தான் முதல் பத்தியில் பார்த்த பிரான்சின் நான்காம் ஆன்றி. நவாரில் அவர் மூன்றாம் ஆன்றி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பழைய ஆவணங்களில் தேவைப்படும்.

அரசிகளுக்கு இதே கவனம் வேண்டும், இங்கே பல வழிகாட்டிகள் கோட்டை விடுகின்றன, ஏனென்றால் தாங்களே ஆளாமல் மன்னரின் மனைவியாக மட்டும் இருந்த ராணிகளுக்கு எண் கிடையாது. 1141இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் இரு பக்கமும் மட்டில்டாக்கள். அரியணை எனக்கே என்று போராடியவர் முதலாம் ஹென்றியின் மகள், பேரரசி மட்டில்டா. சிறைப்பட்ட மன்னர் ஸ்டீஃபனுக்காகப் படை திரட்டியவர் அவருடைய மனைவி, புலோன் மட்டில்டா. இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள். போதாததற்குப் பேரரசியின் அம்மாவும் மட்டில்டா, அப்பாவைப் பெற்ற பாட்டியும் மட்டில்டா. பெண்களுக்கு எப்போதும் பிறந்த இடத்தையோ பட்டத்தையோ சேர்த்தே எழுதுங்கள். 1558இலும் இதே நிலைமை: இங்கிலாந்தின் அரசி மேரி, ஸ்காட்லாந்தின் அரசி மேரி, அவருக்காக ஸ்காட்லாந்தை நிர்வகித்த அம்மா கீஸ் மேரி.

படி 7: ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள்

பெரிய தாள் ஒன்றை எடுத்து மேலே நாடுகளை எழுதுங்கள்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸ், புனித ரோமப் பேரரசு, காஸ்டில். இடப்பக்கம் 25 ஆண்டுக்கு ஒரு கோடு. படிக்கப் படிக்க ஒவ்வொரு மன்னரையும் அவர் கட்டத்தில் போடுங்கள், ஒரே பெயருக்கு ஒரே நிற மை. 1675க்கு நேரே வந்ததும் இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ், ஸ்பெயினில் இன்னொரு இரண்டாம் சார்லஸ் என்று குறுக்காகத் தெரியும், ஸ்வீடனுக்கும் ஒரு பத்தி சேர்த்தால் பதினோராம் கார்ல் அங்கே இருப்பார். கணினியில் விரிதாள் போட்டாலும் சரி, ஆனால் முதல் தாளைக் கையால் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

எங்கே தொடங்குவது? டென்மார்க்கில் தொடங்குங்கள். 1513 முதல் 1972 வரை அங்கே கிறிஸ்டியன், ஃபிரடெரிக், கிறிஸ்டியன், ஃபிரடெரிக் என்று மாறி மாறி வந்தார்கள், ஒரு இடத்திலும் தவறவில்லை. ஃபிரடெரிக்கின் எண்ணோடு ஒன்று கூட்டினால் அவருக்கு முந்தைய கிறிஸ்டியன், இரண்டு கூட்டினால் அடுத்த கிறிஸ்டியன்.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டேனியர்கள் கோட்டை கட்டியது நான்காம் கிறிஸ்டியன் காலத்தில். 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியவர் நான்காம் ஃபிரடெரிக். நான்கும் நான்கும் ஒன்றாக இருப்பதால் இருவரையும் சமகாலத்தவர் என்று நினைத்துவிடுகிறார்கள், ஆனால் கிறிஸ்டியனின் கொள்ளுப்பேரன்தான் ஃபிரடெரிக். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் இவருக்கு முன்னால் ஐந்தாம் கிறிஸ்டியன், பின்னால் ஆறாம் கிறிஸ்டியன். ஊரை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றபோது மன்னர் எட்டாம் கிறிஸ்டியன். தரங்கம்பாடியில் அடித்த பழைய காசுகளில் மகுடத்துக்குக் கீழே மன்னர் பெயரின் முதலெழுத்தும் எண்ணும் பின்னியிருக்கும், அருங்காட்சியகத்தில் பார்த்தால் எந்த மன்னர் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

டென்மார்க் முடிந்ததும் பிரான்சின் லூயிகள், அவர்கள் ஒரே அரியணையில் வந்தவர்கள் என்பதால் சுலபம். அப்புறம் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்த்து. பிறகு பேரரசர்கள். அல்ஃபோன்சோக்களையும் சான்சோக்களையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் தாளில் பாதிக் கட்டங்கள் நிரம்பியிருக்கும், யாருக்கு யார் மாமன், யாருக்கு யார் மருமகன் என்று தேடிப் போடும் பழக்கமும் வந்திருக்கும்.